இடிந்த மடத்தின் அருகே ஒரு புதிய மண்டபம்: கட்டடக்கலை அலுவலகம் ஒன்றின் சேவை பற்றி

மூதூர் கிழக்கிலுள்ள எங்கள் ஊரில், பிள்ளையார் கோயிலுக்குத் தெற்கே ஒரு மடம் இருந்தது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்கள், திருகோணமலையைக் கடந்து வெருகல் சித்திர வேலாயுதர் கோயிலை நோக்கிப் போகும் வழியில் ஓர் இரவு தங்குவதற்காக எங்கள் பாட்டன்மார் காலத்துக்கு முன்பே கட்டப்பட்ட அந்த மடம், பிற்காலத்தில் மாலை வேளைகளில் ஊரின் வாசிகசாலையாகவும், தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையமாகவும், வெள்ளம் வந்தால் தங்குமிடமாகவும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுப் போரில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது மடத்துக்குக் கூரை இல்லை, மூன்று சுவர்களும் இல்லை. மேற்குச் சுவரும், முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்லால்) உயர்த்திய தளமும், கிணறும் எஞ்சியிருந்தன. அவ்விடத்தில் புதிய பொது மண்டபமும் நூலகமும் அமைப்பதற்கு வரைபடம் தயாரித்து, கட்டுமானத்தையும் மேற்பார்வை செய்த திருகோணமலை நகர அலுவலகம் ஒன்றின் சேவையைப் பற்றி, கட்டடக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அலுவலகத்தின் பெயரை நான் எழுதவில்லை. நிறைகளோடு குறைகளையும் எழுதப்போகிறேன். இறுதிக் கட்ட வேலை இன்னும் அவர்கள் கையில் இருக்கும்போது பெயரோடு குறை சொல்வது முறையன்று. போரில் அழிந்த கோயில் மடத்தையோ பாடசாலையையோ சந்தைக் கட்டடத்தையோ மீண்டும் எழுப்ப நினைக்கும் வேறு ஊரவர்கள், யாரை அமர்த்தினாலும், அவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை அறிய இது உதவக்கூடும்.

முதலில் நாங்கள் போனது இவர்களிடம் அன்று. ஊருக்கு அருகில் படம் கீறிக் கொடுப்பவர் ஒருவர், ஒரு வாரத்தில் 35,000 ரூபாவுக்கு ஒரு படம் தந்தார். எஞ்சியிருந்த சுவரையும் தளத்தையும் இயந்திரத்தால் அகற்றிவிட்டு, அதே இடத்தில் தட்டைக் கொங்கிறீற்றுக் கூரையுடன் இரண்டு மாடிக் கட்டடம் எழுப்புவது என்பது அவருடைய திட்டம். குழுவில் பலருக்கு அது பிடித்திருந்தது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய உறவினர்களுக்கும் மாடி வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. மடத்தில் முப்பது வருடங்கள் அடியார்களுக்குச் சமைத்துப் போட்ட ஆச்சி ஒருவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "திண்ணை எங்கே தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தப் படத்தில் திண்ணை இல்லை. நடந்து களைத்து வருபவர் யாரையும் கேளாமல் வந்து உட்காரக்கூடிய இடம் ஒன்றும் அதில் இல்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பின்னரே, 2021இல், முறையாகக் கட்டடக்கலை பயின்றவர்களைத் தேடிப் போனோம்.

அலுவலகத்திலிருந்து வந்தவர் இளம் பெண். ஊரில் எல்லோரும் அவரை மிஸ் என்றே அழைத்தார்கள். ஆச்சிமாருக்கு மட்டும் அவர் பிள்ளை. அவர் முதல் இரண்டு நாட்களில் ஒரு கோடும் கீறவில்லை. கண்ணிவெடி அகற்றப்பட்டதற்கான கடிதம் அந்தக் காணித் துண்டையும் உள்ளடக்குகிறதா என்று கேட்டுப் பார்த்த பின்னரே பற்றையை வெட்டச் சொன்னார். பழைய கட்டட எச்சம் என்பதால் அனுமதி வேண்டுமா என்று தொல்பொருள் திணைக்களத்துக்கும் பிரதேச சபைக்கும் எங்கள் பெயரில் கடிதம் தயாரித்துத் தந்தார். பெயர்ந்து கிடந்த வாசற்படிக் கருங்கற்கள் ஏழையும், உடைந்த தூண் துண்டுகளையும் எண்ணிட்டுப் படம் பிடித்து, கிடந்த இடத்திலேயே விட்டுவைத்தார். அது வரைக்கும் நாங்கள் அவற்றைக் கற்குவியல் என்றுதான் சொல்லிவந்தோம்.

பிறகு ஊரில் முதியவர்கள் ஒன்பது பேரைக் கோயில் முன்றலில் இருத்தி, மடத்தின் உள்ளே எது எங்கே இருந்தது என்று கேட்டார். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். வாசல் கிழக்கிலா வடக்கிலா என்பதில் இருவருக்கு இடையில் வாக்குவாதமே நடந்தது. அவர் யாரையும் திருத்தாமல், ஒவ்வொருவர் சொன்னதையும் வெவ்வேறு நிறப் பென்சிலால் ஒரே தாளில் கீறிக்கொண்டார். எல்லா நிறங்களும் ஒன்றுசேர்ந்த இடங்கள் மூன்று: கிணறு, மேற்குச் சுவரின் விளக்கு மாடம், தெற்குத் திண்ணை. இந்தத் தாளை இப்போது நூலகத்தில் கண்ணாடியிட்டு வைத்திருக்கிறோம். கட்டணத்தில் ஒரு பகுதி இந்த ஒரு தாளுக்கென்றே கொடுக்கப்பட்டிருந்தாலும் நான் வருந்தியிருக்க மாட்டேன்.

மூன்றாவது வாரத்தில் குழுவினரைத் திருகோணமலைக்கு வரச் சொன்னார். வரைபடம் காட்டப்போகிறார் என்று நினைத்துப் போனோம். அவர் எங்களைப் பிரெட்ரிக் கோட்டைக்குள் அழைத்துப் போனார். திருக்கோணேஸ்வரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த வாசலால் நுழைந்திருக்கிறோம், மான்களுக்குப் பழம் கொடுத்திருக்கிறோம். வாசலை நின்று பார்த்தது குறைவு. ஞானசம்பந்தர் பாடிய கோயிலை 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டுவித்தான். வாசற் கல்லில் இரட்டைக் கயலும், குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னொரு நாள் பறங்கியர் பிரிப்பார்கள் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் இருக்கின்றன. ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள், 1803இல் அதற்கு இப்போதைய பெயரை வைத்தார்கள்; கல் அங்கேயே இருந்தது. 1950இல் நகரசபை கிணறு வெட்டும்போது புதையுண்டிருந்த வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டதும், 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கித் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டதும், 1963இல் இப்போதைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததும் எங்களில் மூத்தவர்கள் அறிந்தவையே. மிஸ் சொன்னது ஒரு செய்தியைத்தான்: இடித்தவர்கள்கூடக் கல்லை முழுவதும் அழிக்கவில்லை, வேறு சுவரில் வைத்தார்கள், நீங்கள் உங்கள் கல்லை இயந்திரத்தால் தூளாக்கி அத்திவாரத்தில் கொட்டினால் பிறகு எவரும் அதைப் படிக்க முடியாது. குழுவில் மாடிக் கட்டடத்துக்காக மிகவும் வாதாடியவர் கோட்டை வாசலில் நின்று அதைக் கேட்டார். ஊர் திரும்பும் வழியில், பேருந்து கிண்ணியாப் பாலத்தின் மேல் ஏறியபோது, மேற்குச் சுவர் இருக்கட்டும் என்று அவரே சொன்னார்.

வெளிநாட்டு உதாரணங்களை அவர் அடுத்த கூட்டத்தில் திரையில் காட்டினார். இங்கிலாந்தின் கொவென்றி நகரப் பேராலயம் 1940 நவம்பர் 14 இரவு ஜேர்மன் குண்டுவீச்சில் எரிந்தது. 1950இல் அறிவிக்கப்பட்ட போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர் பசில் ஸ்பென்ஸ், கூரையிழந்த பழைய சுவர்களையும் கோபுரத்தையும் அப்படியே முற்றமாக விட்டு, புதிய ஆலயத்தை அதற்குச் செங்குத்தாக, அதே வகைச் சிவப்பு மணற்கல்லில் எழுப்பினார். 1962இல் திறக்கப்பட்ட புதிய ஆலயத்தின் உள்ளே இருப்பவர் பெரிய கண்ணாடிச் சுவரினூடாகப் பழைய இடிபாட்டைப் பார்க்கலாம். பேர்லினில் கைசர் வில்ஹெல்ம் நினைவாலயத்துக்கு எகொன் ஐயர்மான் முதலில் வரைந்த திட்டம் போரில் உடைந்த கோபுரத்தை முற்றாக அகற்றுவது. நகர மக்கள் எதிர்த்தபடியால் கோபுரத்தை நடுவில் நிறுத்தி, நீலக் கண்ணாடிப் பதித்த புதிய கட்டடங்களை இரு பக்கமும் அமைத்தார். ஹிரோஷிமாவில் கென்சோ டாங்கே அருங்காட்சியகத்தைத் தூண்களின் மீது உயர்த்தி, அதன் நடுவிலிருந்து நினைவு வளைவினூடாக, அணுகுண்டில் சிதைந்த குவிமாடம் வரை ஒரே நேர்கோட்டில் பார்வை செல்லும்படி வைத்தார். இவை பெரிய நாடுகளின் பெரிய கட்டடங்கள், எங்கள் மடம் 60 அடி நீளம் கொண்டது; ஆனாலும் கேள்வி ஒன்றாகவே இருந்தது. புதியது பழையதன் மேல் நிற்பதா, அருகில் நிற்பதா, அதைப் பார்த்து நிற்பதா?

பழையதை இடிபாடாகவே விட்டுப் புதியதை வேறாகக் கட்டுவதற்கு எதிராக எங்கள் கூட்டத்தில் ஒரு வலுவான வாதம் எழுந்தது. 1981இல் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பழைய முகத்தோடுதானே மீண்டும் எழுப்பினார்கள், அப்படித்தானே அது மீண்டும் திறக்கப்பட்டது, அங்கே போய் நிற்கும்போது மனம் நிறைகிறதே, எங்கள் மடத்தையும் இருந்தபடியே கட்டினால் என்ன என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நான் இந்தக் கேள்வியை இன்றும் மதிக்கிறேன். போலந்தின் வார்சோவில் போரில் அழிந்த பழைய நகரத்தை மக்கள் ஓவியங்களையும் அளவைப் படங்களையும் பார்த்துக் கல்லுக்குக் கல் மீட்டதையும் யாரும் தவறு என்று சொல்ல முடியாது. அழித்தவன் நினைத்தது நடக்கவில்லை என்று காட்டுவதற்கு அதைவிட நேரான வழி இல்லை. ஆனால் யாழ் நூலகத்துக்கு நரசிம்மன் வரைந்த வடிவம் ஊரறிந்த ஒன்று, புகைப்படங்கள் ஏராளம். எங்கள் மடத்துக்கு இருந்த ஒரே சான்று, இடப்பெயர்வில் தப்பிய ஒரு திருமணப் புகைப்படத்தின் ஓரத்தில் தெரியும் பாதித் தூண். மிஸ் அந்த நிறப் பென்சில் தாளை மேசையில் விரித்து, இதில் எந்த நிறத்தைக் கட்டுவது என்று கேட்டார். வாசல் எந்தத் திசையில் இருந்தது என்பதில்கூட உடன்பாடு இல்லாத நிலையில் "இருந்தபடியே" கட்டுவது, இல்லாத ஒரு மடத்தை நாங்கள் புதிதாகக் கற்பனை செய்து பழையது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதாகிவிடும். ஆசிரியர் அதை ஏற்றுக்கொண்டார். அத்தகைய வாதத்துக்கு இடம் கொடுத்து, நான்கு கூட்டங்கள் வரை பொறுமையாக நடத்தியதைத்தான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதியாக நான் எண்ணுகிறேன்.

கட்டி முடிந்திருப்பது இதுதான். பழைய தளம் திறந்தவெளியாக இருக்கிறது. அதன் வடக்கே, பழைய அத்திவாரம் அசையாதபடி சோதனைக் குழிகள் தோண்டிப் பார்த்து, பத்து அடி விலக்கிப் புதிய மண்டபம் எழுந்திருக்கிறது. மண்டபத்தின் தெற்குப் பக்கம் முழுநீளத்துக்கும் திண்ணை. அதில் உட்காருபவர் பழைய தளத்தையும் கிணற்றையும் பார்த்தபடி உட்காருகிறார். பீலி ஓட்டுக் கூரையும் பனைமரச் சலாகைகளும் பழக்கமானவை, சுவரும் தூணும் புதியவை என்று பார்த்தவுடன் தெரியும். பழையதைப் போல நடிக்கவில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் ஊரில் கூரைகள் பறந்ததை முதியவர்கள் சொன்னதைக் கேட்டு, கூரைச் சட்டங்களைத் தூணோடு இரும்புப் பட்டிகளால் பிணைத்தார்கள். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்று வெடிப்பதைத் தடுக்க, கம்பிக்கு வெளியே இரண்டு அங்குல மூடல் விட வேண்டும் என்றும், உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சீமெந்து குழைக்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு வருகையிலும் அளந்து பார்த்தார்கள்.

மேற்குச் சுவருக்கு அவர்கள் செய்த வேலையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல ஊர்களில் இதில்தான் பழைய சுவர் கெட்டுப்போகிறது. எங்கள் மேசன் நல்ல எண்ணத்தோடு சுவர் முழுவதும் சீமெந்து பூசிவிடலாம் என்றார். முருகைக்கல் ஈரத்தை இழுத்து வெளியே விடும் கல். சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், உப்பு பூச்சுக்குப் பின்னால் திரண்டு சில மழைக்காலங்களுக்குள் கல்லையும் சேர்த்து உரித்துத் தள்ளும் என்று விளக்கி, மூட்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தால் மட்டும் நிரப்பச் செய்தார்கள். சுவரின் தலைப்பில் தண்ணீர் தங்காதபடி இரு பக்கமும் சரிவாகச் சுண்ணாம்புக் கொங்கிறீற்று இட்டார்கள். சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த முதியவர் ஒருவரைக் கிண்ணியாவிலிருந்து தேடி அழைத்து வந்து எங்கள் இளம் மேசன்மார் மூவருக்கு அதைப் பழக்கியதும் அவர்கள்தான்.

அந்தச் சுவரில் குண்டுச் சிதறல்கள் பட்ட குழிகள் இருக்கின்றன. அவற்றை அடைக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், அப்படியே விட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். மகனை இழந்த ஒரு தாய், குழிகள் இருக்கட்டும், ஆனால் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் இடத்திலிருந்து அவை தெரிய வேண்டாம் என்று கேட்டார். முதல் வரைபடத்தில் சிறுவர் பகுதியின் ஜன்னல்கள் அந்தச் சுவரை நேராகப் பார்த்தன. அடுத்த வரைபடத்தில் சிறுவர் பகுதி கிழக்குப் பக்கத்துக்கு, வேப்ப மரத்தை நோக்கி, மாறியிருந்தது. மேற்குச் சுவரை ஒரு பெரியவர் தாமாக நடந்து போனால் பார்க்கலாம்; எவர் மீதும் அது திணிக்கப்படவில்லை. பெயர்ப்பலகையும் வைக்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். வரைபடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. மூத்தவர்களுக்கு முன்னால் தாளை விரித்து, இது சமையலறை, இது களஞ்சியம் என்று நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நான் தவறாகச் சொன்ன ஓர் இடத்தால் அலமாரிச் சுவர் ஒன்று இரண்டு முறை கட்டப்பட்டது. ஊரின் நினைவைக் கேட்டு வடிவமைத்தவர்கள், ஊர் படிக்கக்கூடிய மொழியில் படத்தைத் தந்திருக்க வேண்டும். இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்ன வேலை வரைபடங்கள் ஏழு மாதம் எடுத்தன. அந்த இடைவெளியில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்து சீமெந்தும் கம்பியும் விலையேற, எங்களிடம் இருந்த பணம் பாதிக் கட்டடத்துக்கும் போதாமல் போய்விட்டது. தாமதத்தால் நேர்ந்த இழப்பு அது. அதே நேரம், மண்டபம், நூலகம், சமையற்கட்டு என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துக் கட்டக்கூடியதாக அவர்கள் வடிவமைத்திருந்தபடியால்தான் வேலை முற்றாக நின்றுபோகாமல் 2023இல் மீண்டும் தொடங்க முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாடிக் கட்டடமாக இருந்திருந்தால் வெறும் தூண்கள்தான் நின்றிருக்கும்.

மண்டபத்தையும் கிணற்றடியையும் இணைக்கும் கூரைப்பாதையின் மழைநீர்ப் பீலி சிறிதாக இருந்தது. முதல் கார்த்திகை மழையில், வாடைக்காற்றோடு வந்த தண்ணீர் பீலியை மீறி நேரே பழைய தளத்தின் வடகிழக்கு மூலையில் கொட்டி, அங்கிருந்த பழைய சாந்தைக் கரைத்துவிட்டது. தகவல் சொன்ன நான்காம் நாள் வந்து பார்த்து, பீலியைத் தங்கள் செலவில் மாற்றினார்கள். ஆனாலும் நூறு வருடங்களுக்கு மேல் நின்ற மூலை அது; காப்பாற்றுவதற்கென்று எடுத்த முயற்சியிலேயே அது பழுதுபட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. கழிவறைகள் இரண்டே இரண்டு. ஒரே மாலையில் நூறுக்கு மேற்பட்ட அடியார்கள் வந்து தங்குவார்கள் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். கச்சான் காற்று வீசும் மாதத்தில் அவர்கள் வந்தபோது கோயில் கழிவறையையும் பக்கத்து வீடுகளையும் திறந்து கொடுக்க வேண்டியிருந்தது.

கட்டணம் கட்டுமானச் செலவில் ஐந்து வீதம், நான்கு தவணைகளில். விலையேற்றத்தால் கட்டுமானச் செலவு கூடியபோது அவர்களுடைய கட்டணமும் அதே வீதத்தில் கூடியிருக்க வேண்டும். ஆனால் முதல் மதிப்பீட்டின்படியே வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் பன்னிரண்டு தள வருகைகள் இருந்தன, பதினெட்டுத் தடவை வந்தார்கள். ஒப்பந்தம் எழுதும்போது வரைபட மொழியையும், தாமதித்தால் என்ன என்பதையும், முதல் மழைக்காலத்துக்குப் பின்னர் ஒரு பரிசோதனை வருகையையும் எழுத்தில் கேட்டுப் பெறுமாறு மற்ற ஊரவர்களுக்குச் சொல்வேன்.

இந்த வருடம் வந்த அடியார்களில் பலர், உள்ளே மின்விசிறி இருக்கிறது என்று சொன்ன பிறகும், பழைய தளத்தின் மேல் பாய் விரித்துப் படுத்தார்கள். இரவில் கல் குளிர்ந்துவிடுகிறது என்றார்கள். பகலில் பிள்ளைகள் அந்தத் தளத்தில் கிளித்தட்டு விளையாடுகிறார்கள். ஏழு கருங்கற்படிகளும் எண்ணிட்ட வரிசையிலேயே கிணற்றடியில் பதிக்கப்பட்டு, கால் கழுவும் இடமாகிவிட்டன.

மேலதிகக் கழிவறைகளுக்கான படத்தைக் கடந்த மாதம் அனுப்பியிருக்கிறார்கள். ஆறு அறைகள், அதில் ஒன்று சக்கர நாற்காலி போகக்கூடியது; கிணற்றிலிருந்து போதிய தூரம் விட்டிருக்கிறார்கள். தாளில் உள்ள எல்லாச் சொற்களும் தமிழில் இருக்கின்றன. திண்ணை கேட்ட ஆச்சி அதைத் தாமே வாசித்து, தண்ணீர்க் குழாய் கதவுக்கு மிகக் கிட்ட இருக்கிறது என்று சொன்னார். அதை எழுதி அனுப்பியிருக்கிறோம்.